கொலுப்படிக்கு அடியில் ஒரு நம்பர்

இந்த வாரம் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சோம்பல் ஒரு காரணம். போன வாரம் வந்ததைப் படித்துவிட்டு எங்கள் அப்பா, வேறு பேரில் எழுதியிருக்கலாமே என்று கேட்டது இன்னொரு காரணம். ஆனால் ஆசிரியர் போன் செய்து, பக்கத்தைக் காலியாக விட முடியாது, போடுவதற்கு விளம்பரமும் இல்லை என்றார். அவருடைய கஷ்டத்துக்காக எழுதுகிறேன். பிடிக்கவில்லை என்றால் அவரைத் திட்டுங்கள்.

குப்புறப் படுத்திருக்கிறேன். வாயில் ஒரு சின்ன டார்ச். பல்லால் கடித்துக்கொண்டிருப்பதால் எச்சில் ஒழுகி டார்ச்சின் கழுத்து வரை வந்துவிட்டது. மூக்குக்கு நேரே ஒரு தெர்மாகோல் அட்டை. நான் மூச்சு விட்டால் அது கிரீச் என்கிறது. அந்துருண்டை வாசனை ஒரு பக்கம், அடுப்பிலிருந்து பெருங்காயமும் தேங்காயும் சேர்ந்த சுண்டல் வாசனை இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் என் தும்மல், எந்த நேரமும் புறப்படத் தயாராக.

தலைக்கு மேலே பலகை. பலகைக்கு மேலே தசாவதாரம், செட்டியார் கடை, கல்யாண ஊர்வலம், மேல்படியில் பெருமாள். அந்தப் பக்கம் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பட்டு மாமி பாடிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது பாட்டு. ஒன்று போதும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஆம், நான் ஒரு கொலுவுக்கு அடியில் இருந்தேன். துவாரகாவில், ஐந்தாவது மாடியில். அங்கே நான் எலி பிடிக்கப் போகவில்லை. கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யப் போயிருந்தேன்.

இது புரிய வேண்டுமென்றால் கரோல் பாகிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டாலர் குறி சம்பந்தி

ஹேமா அக்காவுக்குச் சொந்த ஊர் கும்பகோணம். கல்யாணமாகி தில்லிக்கு வந்தவர். கரோல் பாகில் எங்கள் வீட்டுக்கு மேல் மாடி. மாமி என்று கூப்பிட்டால் கையில் இருக்கும் கரண்டியைக் காட்டுவார். அதனால் அக்கா.

அவருடைய வேலை தமிழ் டைப்பிங். தில்லியில் அச்சகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஹிந்தியில் அடிப்பான், பஞ்சாபியில் அடிப்பான், தமிழ் என்றால் 'மதராஸியா, முடியாது பையா' என்று கையை விரிப்பான். நம்மவர்கள் வீட்டுக் கல்யாணமோ, கிரகப்பிரவேசமோ, பஜனை மண்டலியின் பாட்டுத் தாளோ, தமிழில் வேண்டுமென்றால் ஹேமா அக்கா வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். அவர் டைப் செய்து, லேசர் பிரிண்டரில் அடித்து, அந்தத் தாளை அச்சகத்துக்கு அனுப்புவார். அச்சகத்துக்காரருக்கு அது தமிழா தெலுங்கா என்று தெரியாது. தாள் எப்படி இருக்கிறதோ அப்படியே கார்டில் வந்துவிடும்.

இதற்கெல்லாம் ஆதாரம் ஒரே ஒரு சாஃப்ட்வேர். சென்னையில் யாரோ இரண்டு பேர் சேர்ந்து செய்தது. ஹேமா அக்கா சீட்டுப் பணத்தில் வாங்கியது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் சாஃப்ட்வேருக்கும் ஒரு தனி குணம். ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் இங்கிலீஷ் எழுத்தும் கேள்விக்குறியும் சதவீதக் குறியுமாகக் கொட்டும்.

ஒரு தடவை அவர் அடித்த கல்யாணப் பத்திரிகையை எங்கள் கடை கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா பெயர் இருந்த இடத்தில் வரிசையாக டாலர் குறி. அது மட்டும் சரியாகத்தான் வந்திருக்கிறது என்று அக்காவிடம் சொன்னேன். கரண்டியைக் காட்டினார்.

எங்கள் கடை என்று சொன்னேன் அல்லவா, அது கரோல் பாகின் பின் சந்து ஒன்றில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. பன்னிரண்டாவதில் கணக்குப் பேப்பருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை முறிந்துபோனதால் அங்கே சேர்ந்தேன். ஸ்க்ரூ திருப்ப வரும். தூசி ஊத வரும். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லவும் நன்றாகவே வரும். கடைசி ஒன்றுக்குத்தான் முதலாளி சம்பளம் கொடுத்தார் என்று இப்போது தோன்றுகிறது.

கூட வேலை பார்த்தவன் சாமுவேல். நாகர்கோவில்காரன். உண்மையாகவே படித்துவிட்டு வந்தவன். அவன் அக்கா ஸ்டெல்லா இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த வருஷம் ஸ்டெல்லா அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இங்கேயே சர்ச்சில் கல்யாணம். ஊரில் இருக்கும் சொந்தங்களுக்குத் தமிழில் பத்திரிகை போக வேண்டும்.

தமிழில்தான் போக வேண்டும். இது சாமுவின் அத்தை போட்ட சட்டம். இங்கிலீஷில் கார்டு வந்தால் ஏதோ கடை திறப்பு விழா என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவேன் என்று போனிலேயே சொல்லிவிட்டாராம். அந்த அத்தை வராவிட்டால் அவருக்குப் பின்னால் ஒரு பஸ் நிறையச் சொந்தம் வராது. ஸ்டெல்லா அக்காவுக்கு அம்மா இல்லை. வளர்த்தது அந்த அத்தைதான். டியூட்டி முடிந்து வரும் வழியில் ஸ்டெல்லா அக்கா கடைக்கு வந்து, பத்திரிகை என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுத்தான் ஹாஸ்டலுக்குப் போவார்.

டெம்போவில் போன வீடு

அந்தக் கோடையில் ஹேமா அக்கா குடும்பம் துவாரகாவுக்கு வீடு மாறியது. சொசைட்டி ஃபிளாட். அக்காவின் கணவர் சேஷு சார், ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர், பல வருஷமாகத் தவணை கட்டிக் காத்திருந்த வீடு. மெட்ரோ எல்லாம் அப்போது இல்லை. கரோல் பாகிலிருந்து துவாரகா போவது வெளியூர் போவது மாதிரி. மனிதர்களுக்கு முன்னால் புறாக்கள் குடி வந்திருந்தன.

வீடு மாற்றும் வேலையை சார் ஆபீஸ் மாதிரி நடத்தினார். ஒவ்வொரு அட்டைப் பெட்டி மேலும் ஸ்கெட்ச் பேனாவால் தலைப்பு. 'சமையல் – அவசரம்.' 'சமையல் – அவசரமில்லை.' 'இதர.' கொலுப் பொம்மைகளை மட்டும் தன் கையாலேயே பழைய வேட்டியிலும் ஹிந்திப் பேப்பரிலும் சுற்றி மூன்று பெட்டியில் வைத்தார். அவற்றை டெம்போவில் ஏற்ற என்னை விடவில்லை. நான் தொட்டால் ராவணனுக்கு ஒரு தலை குறையும் என்று ஒரு நம்பிக்கை.

புது வீட்டில் எல்லாம் வந்து சேர்ந்தது. உடைந்த பக்கெட் கூட வந்தது. சாஃப்ட்வேர் சிடி மட்டும் வரவில்லை. அதன் பிளாஸ்டிக் டப்பா வந்திருந்தது. திறந்தால் உள்ளே காற்று.

அக்கா 'இதர' பெட்டி எல்லாவற்றையும் இரண்டு முறை கொட்டிப் பார்த்தார். சார் நாற்காலியில் உட்கார்ந்தபடி அறிவுரை சொன்னார்.

"ஒரு சாமானை எடுத்த எடத்துல வெச்சா இந்தக் கஷ்டமே இல்லை, ஹேமா. ஆபீஸ்ல என்னைக் கேளு, நான் சேர்றதுக்கு முன்னாடி போட்ட ஃபைலைக் கூட எடுத்துக் குடுப்பேன்."

இதே வசனத்தை அந்தக் கோடை முழுவதும் கேட்டோம். சாப்பிடும்போது, நியூஸ் பார்க்கும்போது, பால்கனியில் புறாவைத் துரத்தும்போது. ஒரு கட்டத்தில் அவர் 'ஒரு சாமானை' என்று ஆரம்பித்தால் மீதியை நான் முடித்து வைப்பேன். அவர் கோபப்படாமல் தலையாட்டுவார். பாடம் ஏறிவிட்டது என்று சந்தோஷம்.

என் மகா காப்பி

பழைய கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் டெம்போ பயணம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஹார்ட் டிஸ்க் உள்ளேயிருந்து யாரோ பாக்கு வெட்டுகிற மாதிரி டக் டக் என்று சத்தம். நாலு முறை போட்டால் ஒரு முறை எழுந்திருக்கும். பிரிண்டரை மதிப்பதையே நிறுத்திவிட்டது. அக்கா புதிதாக ஒன்று வாங்கிவிட்டார். புதியதில் சாஃப்ட்வேர் ஏற்ற சிடி வேண்டும். சிடி இல்லை.

சென்னைக்குப் போன் போட்டோம். அந்த நம்பரில் ஒரு அம்மா எடுத்து, அந்தப் பையன்கள் காலி செய்துவிட்டுப் போய் வருஷம் ஆகிறது, ஒருத்தன் சிங்கப்பூரில் இருக்கிறான், வாடகை அட்வான்ஸ் பற்றிப் பேசவா கூப்பிட்டீர்கள் என்று கேட்டார். வைத்துவிட்டோம்.

கவலையே வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். சாஃப்ட்வேர் அந்த டிஸ்கில்தானே இருக்கிறது, அதன் ஃபோல்டரை அப்படியே அள்ளி ஒரு சிடியில் எழுதி, புதியதில் கொட்டினால் முடிந்தது. கடையில் ஒரு சிடி ரைட்டர் இருந்தது. முதலாளி அதன் மேல் துண்டு போட்டு மூடி வைப்பார். அக்காவின் டிஸ்கைக் கழற்றிக் கொண்டுவந்து, துண்டை விலக்கி, எழுதி, துவாரகாவுக்கு பஸ் மாறிப் போய், அக்கா காபி போட்டுக்கொண்டு வரும்போது புது மெஷினில் கொட்டிவிட்டேன். ஐகான் வந்தது. எழுந்து நின்று, ரிப்பன் வெட்டுங்கள் அக்கா என்றேன்.

அக்கா அழுத்தினார். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஏதோ ஒரு ஃபைலைக் காணோம் என்றது. அந்த ஃபைலைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். இன்னொன்றைக் காணோம் என்றது. அதையும் கொடுத்தேன். கல்யாண வீட்டில் சம்பந்தி கேட்டுக்கொண்டே இருக்கிற மாதிரி கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் எதுவும் கேட்காமல் மூடிக்கொண்டது. அதுதான் பயமாக இருந்தது.

அக்கா சிரிக்கவில்லை.

"செல்வம், வெளையாடாதே. இத்தனை வருஷம் அடிச்சது எல்லாம் இதுல இருக்குடா. இது தொறக்கலைன்னா அத்தனையும் வெறும் டாலர் குறி. அந்த ஸ்டெல்லா பொண்ணுக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

காபி நன்றாகத்தான் இருந்தது. குடிக்கத்தான் முடியவில்லை.

சாமு சொன்ன வழி

மறுநாள் கடையில் சாமுவிடம் சொன்னேன். அவன் சமோசாவைக் கீழே வைக்காமலே கேட்டான்.

"ஏம்ல, சேஷு சார் வீடு மாத்தினப்ப நீயும் கூட நின்னல்லா? சோபாவையும் பீரோவையும் மட்டும் தூக்கிட்டுப் போனா வீடு மாறினதா ஆகுமா?"

"கேஸ் கனெக்‌ஷன் மாத்தணும், ரேஷன் கார்டு மாத்தணும், போன் மாத்தணும்."

"நீ சோபாவத் தூக்கிட்டு வந்துருக்க மக்கா. ரேஷன் கார்டு, கேஸ் புக்கு எல்லாம் டிஸ்க்குல வேற வேற எடத்துல கெடக்கு. எங்க கெடக்குன்னு அந்த சாஃப்ட்வேர் எழுதினவனுக்குத்தான் தெரியும்."

"அவன் சிங்கப்பூர்ல இருக்கான்."

"அப்பம் ஒரே வழிதான். வீட்டையே தூக்கணும்."

வீட்டைத் தூக்குவது என்றால், டிஸ்கில் இருப்பதை மேலிருந்து கீழ் வரை, குப்பையோடு சேர்த்து, இன்னொரு டிஸ்குக்கு மாற்றுவது. எது வேண்டும் எது வேண்டாம் என்று பார்க்கவே கூடாது. அதற்கென்று ஒரு சின்ன புரோகிராம் அவனிடம் ஃபிளாப்பியில் இருந்தது. எனக்கு உடனே பிடித்துவிட்டது. நானும் எப்போதும் எது வேண்டும் எது வேண்டாம் என்று பார்க்காதவன்தான்.

அக்கா புது டிஸ்கை வாங்கிக் கொடுத்தார். பழைய டிஸ்கை மறுபடி கழற்றி, துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் முட்டையா என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி, சாமு ஆரம்பித்துவைத்தான். திரையில் ஒரு கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. பழைய டிஸ்க் பாக்கு வெட்டியது. நடு நடுவே நின்றுவிடும். சாமு கண்ணை மூடிக்கொள்வான். நான் அதன் மேல் டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். முதலாளி வந்து தனக்குக் காற்று வரவில்லை என்றார். நோயாளிக்கு ஜுரம், கொஞ்சம் பொறுங்கள் என்றேன். அவர் சட்டை பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார். சாயங்கால டீ வரும் நேரத்தில் கோடு முடிந்தது.

பழைய டிஸ்கை மறுபடி போட்டுப் பார்த்தோம். எழுந்திருக்கவே இல்லை. இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. சாமு அதற்காகச் சின்னதாக ஒரு சிலுவை போட்டான். நான் கிண்டல் செய்யவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

புது டிஸ்கைத் துவாரகாவில் மாட்டினோம். மெஷின் எழுந்து, தன் பாகங்களை ஒவ்வொன்றாக நீ யார், நீ யார் என்று விசாரித்தது. புது இடம் அல்லவா. பிறகு அக்காவின் பழைய திரை, அதே ரோஜாப்பூ படத்தோடு வந்தது. சாஃப்ட்வேரைத் திறந்தார். திறந்தது. பழைய மெஷினில் அடித்து வைத்திருந்த ஸ்டெல்லா அக்காவின் பத்திரிகை வட்ட வட்டமான தமிழ் எழுத்தில், மேலே வேத வசனத்தோடு, அப்படியே நின்றது. அக்கா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிரிண்ட் கொடுத்தார்.

டிஸ்க் மாறியிருக்கிறது, சிடியில் உள்ள நம்பரை மறுபடி அடிக்கவும் என்றது பெட்டி. பார்க்கலாம், படிக்கலாம், அச்சடிக்க முடியாது. மிருகக்காட்சி சாலைப் புலி மாதிரி.

நம்பர் சிடியின் மேல் பக்கத்தில் மார்க்கரால் எழுதியிருந்ததாக அக்காவுக்கு ஞாபகம். சிடி இருந்தால் நாங்கள் ஏன் இத்தனை பாடு படுகிறோம்?

"ஒரு சாமானை..." என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

சுண்டல் சாப்பிடப் போன இடம்

நவராத்திரி வந்துவிட்டது. அச்சகத்துக்காரர் தசரா வரைக்கும்தான் கல்யாண வேலை எடுப்பார். அதற்கப்புறம் தீபாவளி கார்டு. அதைத் தாண்டி எந்தக் கல்யாணமும் அவர் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டெல்லா அக்கா கடைக்கு வந்து கேட்பதை நிறுத்தியிருந்தார். கேட்காமல் போனது கேட்டதைவிட மோசமாக இருந்தது.

சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் அக்கா எங்கள் இருவரையும் சுண்டலுக்குக் கூப்பிட்டார். மறுநாள் கம்ப்யூட்டரும் பூஜையில் உட்கார்ந்துவிடும், சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் விஜயதசமி வரை தொடக் கூடாது, அதற்குமுன் ஏதாவது வழி தெரிகிறதா என்று ஒரு தடவை பாருங்கள் என்றார். வழி தெரியவில்லை. சுண்டல் தெரிந்தது.

கொலு பிரமாதமாக இருந்தது. வீடு மாற்றிய அட்டைப் பெட்டி, டிரங்கு, கம்ப்யூட்டர் வந்த பெட்டி எல்லாவற்றையும் அடுக்கி, மேலே பலகை போட்டு, வெள்ளை வேட்டி விரித்து ஏழு படி. ஜன்னல் ஓரம் என்பதால் பின்னால் ஒரு ஆள் நிற்கிற இடைவெளி, ஆனால் பக்கவாட்டில் போக வழியில்லை. மேல்படியில் பெருமாள். அவர் தலைக்குப் பின்னால் ஒரு சக்கரம். பல்பு வெளிச்சம் பட்டு ஏழு நிறமும் ஓடுகிறது. ஓரம் முழுவதும் சிவப்பும் பச்சையுமாகக் கல். நடுவில் ஒரு தங்க நிறப் பட்டன்.

போன வருஷம் சுண்டலைத் தாண்டி நான் எதையும் பார்த்ததில்லை. எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று சாரிடம் கேட்டேன். சார் மலர்ந்துவிட்டார்.

"கடையா? நானே பண்ணினதுடா. போன வருஷம் கரோல் பாக் கொலுப் போட்டியில ஃபர்ஸ்ட் பிரைஸ் இதுக்குத்தான். ஜட்ஜ் எழுந்து பக்கத்துல வந்து பார்த்தார்."

நானும் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். வட்டம். வழவழப்பு. ஏழு நிறம். நடுவில் பட்டன் எதற்கு? ஓட்டையை மறைக்க.

மெதுவாகத் திரும்பி சாமுவைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே பெருமாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சர்ச்சில் கூட அவன் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

அடுப்படிக்குப் போய் அக்காவின் காதில் சொன்னேன். கரண்டி அப்படியே நின்றது. வெளியே வந்து சக்கரத்தைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு சாதாரணக் குரலில், ஏன்னா, வெத்தலை தீர்ந்துபோச்சு, கீழ போய் வாங்கிண்டு வரேளா என்றார். சார் பையை எடுத்துக்கொண்டு போனார்.

அப்படியே எடுத்துவிடலாம் என்று கை நீட்டினேன். அக்கா கையைத் தட்டிவிட்டார்.

"கலசம் வெச்சு ஆரத்தி எடுத்தாச்சுடா. விஜயதசமி ராத்திரி வரைக்கும் ஒரு பொம்மையை நகர்த்தப்படாது."

"அதுக்குள்ள அச்சகத்துக்காரன் தீபாவளிக்குப் போயிருவான் அக்கா."

அக்கா கொலுவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால் வரை அளந்தார்.

"நகர்த்தத்தானே கூடாது. பின்னாடி போய்ப் படிக்கலாமோன்னோ?"

மூன்றாவது பாட்டு

இப்படித்தான் நான் படிக்கு அடியில் போனேன். கீழ்ப்பெட்டி ஒன்றை நகர்த்தி, குப்புறத் தவழ்ந்து, பின்பக்கம் போய் எழுந்து நின்று, ஜன்னலுக்கும் பெருமாளுக்கும் நடுவில் முகத்தை நுழைத்துப் படித்துவிட்டு வருவது திட்டம். பாதி வழியில் இருக்கும்போது கதவு மணி அடித்தது. சார். கூட லிஃப்டில் சந்தித்த, அதே சொசைட்டியில் குடியிருக்கும் பட்டு மாமி. அக்கா பெட்டியைத் தள்ளி வழியை மூடிவிட்டார். நான் உள்ளே.

மாமி உட்கார்ந்ததுமே பாட ஆரம்பித்துவிட்டார். மூன்றாவது பாட்டில் மேல் ஸ்தாயிக்குப் போனதும், இனி ஜன்னல் உடைந்தாலும் கேட்காது என்று தைரியம் வந்து பின்பக்கம் நகர்ந்து எழுந்தேன்.

பெருமாளின் முதுகு. முதுகில் ஒரு ஐஸ்கிரீம் குச்சி. குச்சியில் ஒட்டிய சிடி. மினுமினுப்பு அந்தப் பக்கம் உலகத்துக்கு, எழுத்து இந்தப் பக்கம் எனக்கு. கறுப்பு மார்க்கரில் நம்பர், தெளிவாக. நானே இரண்டு கையையும் கூப்பிவிட்டேன். அதில் தோள் பட்டு சிடி லேசாக ஆடியது.

பாட்டு நின்றது.

"சேஷு, சக்கரம் சுத்தறதே" என்றார் பட்டு மாமி.

பிறகு சாரின் குரல், அடக்கமான பெருமையோடு.

"லேசா அசையற மாதிரியேதான் பண்ணியிருக்கேன், மாமி."

நான் உதட்டைக் கடித்துக்கொண்ட வேகத்தில் டார்ச் கீழே விழுந்தது. நல்லவேளை, மாமி பரவசத்தில் நாலாவது பாட்டை எடுத்துவிட்டார். தாளத்துக்குத் தாளம் நான் ஒவ்வொரு எண்ணாகக் கிசுகிசுத்தேன். படிக்குப் பக்கத்தில் கண்ணை மூடி ரசிப்பது போல் உட்கார்ந்திருந்த சாமு, உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். பேப்பர் எடுத்தால் சந்தேகம் வரும் என்று அவனுக்கு யோசனை.

சாமு இடது கைக்காரன். இடது கையால் எழுதுகிறவன் எந்தக் கையில் எழுதுவான்? வலது கையில்.

பாட்டு முடிந்தது. அக்கா பதற்றத்தில் எல்லாருக்கும் சுண்டல் கொண்டுவந்தார். மாமியே ஒரு கரண்டி எடுத்து சாமுவிடம் நீட்டினார். கொலுவுக்கு முன்னால், பெரியவர் கையால் கொடுக்கும் பிரசாதத்தை இடது கையால் வாங்க முடியுமா? சுடச்சுட, ஈரத்தோடு, எலுமிச்சம்பழம் பிழிந்த சுண்டல். வலது கையை நீட்டினான்.

மாமி போனதும் நான் ஒட்டடையோடு வெளியே வந்தேன். சாமு கையைக் காட்டினான். நீல நிறத்தில் ஒரு கொண்டைக்கடலை மட்டும் ஒட்டியிருந்தது.

"இவன் எங்கேர்ந்துடா வரான்?" என்றார் சார்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். நிதானமாகச் சொன்னார்.

"உங்க ஃபர்ஸ்ட் பிரைஸுக்குப் பின்னாடி என் சாஃப்ட்வேர் இருந்துது."

சார் பெருமாளைப் பார்த்தார். டப்பா இல்லாமல் மேஜை மேல் கிடந்ததே, வீணாப்போனது என்று நினைத்து எடுத்தேன் என்று முணுமுணுத்தார். ஒரு சாமானை எடுத்த இடத்தில் என்று ஆரம்பிக்க எனக்கு நாக்கு துடித்தது. அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். வாழ்க்கையில் நான் விட்ட ஒரே நல்ல ஜோக்.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பெட்டியை அவரே நகர்த்தினார். ஒரு முழுத் தாளும் பேனாவும் எடுத்து ஜமக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"போ. உள்ள போய் ஒண்ணொண்ணாச் சொல்லு. அவசரமில்லை."

சொன்னேன். ஆபீஸ் கையெழுத்தில், மணி மணியாக எழுதினார். முழுவதும் எழுதிவிட்டு அவர் திருப்பிப் படித்தார், நான் சரி பார்த்தேன். பின்னாலிருந்து முன்னாலும் ஒரு தடவை. கீழே கையெழுத்து வேறு போட்டார்.

அக்கா அந்த நம்பரை அடித்தார். திரையில் இருந்த பெட்டி மூடிக்கொண்டது. பிரிண்டர் ஒரு தடவை உறுமிவிட்டு, சூடான தாளை நாக்கு மாதிரி வெளியே நீட்டியது. சாமு அதை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றான். கை கழுவிட்டு எடுடா என்றார் அக்கா.

சக்கரம் அங்கேயே

மறுநாள் மானிட்டர் சந்தனப் பொட்டோடு பூஜையில் உட்கார்ந்தது. தாள் அச்சகத்தில் இருந்தது. நாகர்கோவில் அத்தை அந்த பஸ் நிறையச் சொந்தத்தையும் கூட்டிக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினார். கல்யாணத்தில் என்னைப் பார்த்து, பத்திரிகையில் எழுத்து கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்றார்.

விஜயதசமி முடிந்ததும் சிடியைக் கழற்றிக் கொடுக்கிறேன் என்றார் சார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார். அங்கே இருந்தால்தான் எங்கே இருக்கிறது என்று தெரியும் என்றார். இன்றும் வருஷா வருஷம் பெருமாளுக்குப் பின்னால் அதுதான் ஜொலிக்கிறது. நம்பர் எழுதிய தாள் சாரின் ஃபைலில், தலைப்போடு.

அதோடு விடவில்லை. டிஸ்கில் இருந்ததை அப்படியே மூட்டை கட்டி மூன்று சிடியில் எழுதச் சொன்னார் அக்கா. முதலாளியின் துண்டை மறுபடி விலக்கினோம். ஒன்று அக்காவின் பீரோவில், நகையோடு. ஒன்று எனக்கு. ஒன்று சாமுவுக்கு. பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் கொடுத்து, ஒரே வீட்டில் இருந்தால்தான் தொலையும், ஆளுக்கொன்றாகப் பத்திரமாக வைத்திருங்கள் என்றார்.

நேற்று இதை எழுதி முடித்ததும் என் சிடியைத் தேடினேன். அம்மாவின் டிரங்கில், அடியில், டப்பாவோடு இருந்தது. எனக்கே நம்பிக்கையில்லை. பெருமை தாங்காமல், இப்போது துவாரகாவில் அக்கா வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் சாமுவுக்கு மெசேஜ் அனுப்பினேன், லே, ஹேமா அக்கா பத்திரமா வைக்கச் சொன்ன சிடி இன்னும் இருக்கா என்று.

பதில் வந்தது:

"இருக்கு மக்கா, பால்கனில தொங்கிட்டுப் புறா வெரட்டுது."